எந்த முறையில மாமா?

"நில்லுங்க…! ஐயோ… நில்லுங்க…!"

அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

வயது இருபத்து மூன்று. ஒரு கால் செருப்பு கண்ணாடிக் கடை வாசலிலேயே கழன்றுவிட்டது. மதிய வெயிலில் தார் ரோடு உள்ளங்காலைச் சுட்டது.

முன்னால் ஓடியவனுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். முழங்கை வரை காய்ந்த சிமெண்ட். கொத்தனார். அவன் மூக்கின் மேல்… கடையின் சோதனை ஃப்ரேம்! கண் பரிசோதனைக்கு மாட்டிவிடுவார்களே, அந்த இரும்பு வட்டம். ஒரு கண்ணில் லென்ஸ். மறு கண் காலி.

சற்று முன்னால் அவள்தான் அதை மாட்டிவிட்டாள்.

"எழுத்து தெரியுதா?"

"மங்கலா இருக்கும்மா."

லென்ஸைச் செருகினாள். "இப்ப?"

தெரிந்தது. எழுத்து அல்ல. அவள் முகம்!

அலறினான். ஸ்டூலைத் தள்ளினான். ஓடினான்.

"ஏய் வெள்ளைப்பேப்பர்! ஃப்ரேமோட ஓடுறான் பாரு!" என்று கடைக்காரர் கத்தினார். கடையில் அவளுக்கு அதுதான் பெயர். ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய எதுவும் எழுதப்படாத பேப்பர்.

அவள் துரத்தியது ஃப்ரேமுக்காக அல்ல.

சந்து ஒரு மரக்கடைச் சுவரில் முட்டி முடிந்தது. கொத்தனார் திரும்பினான். மூச்சு இரைத்தது. கும்பிட்டான்.

"தங்கச்சி… என்னை விட்டுடு. நான் வாயே திறக்கலை!"

"என்னைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது!"

"தெரியாதவளைப் பார்த்து எதுக்கு ஓடுனீங்க?"

"நீதானேம்மா சொன்னே… 'இனிமே என்னை எங்க பார்த்தாலும் ஓடிடு'ன்னு!"

அவள் ஓர் அடி முன்னால் வந்தாள்.

இத்தனை நாளும் அவளைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். நலம் விசாரித்தார்கள். அவளும் எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு சிரிப்பைப் பழகி வைத்திருந்தாள். ஒருமுறை பஸ்ஸில் யாரோ ஒருத்தி, "காலேஜ்ல உன் பக்கத்து பெஞ்சுடி!" என்று கட்டிப்பிடித்து அழுதாள். இவளும் அழுதாள்… மரியாதைக்கு.

பயந்தவன் இவன் ஒருத்தன்தான். உண்மை தெரிந்தவன்தான் பயப்படுவான்!

"எனக்கு எதுவும் ஞாபகம் இல்லைங்க. என் பேரையே ஆஸ்பத்திரியில சொல்லித்தான் கேட்டுக்கிட்டேன். நான் யாரு? உங்ககிட்ட என்ன சொன்னேன்? கெஞ்சிக் கேட்கிறேன்…"

"என்னைச் சோதிக்கிறியா தங்கச்சி?"

"இல்லைங்க!"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யாருக்கு?"

"உனக்குத்தான்!"

"அந்த நானே கேட்கிறேன்… சொல்லுங்க!"

"நீயே வந்து கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னுதானே சத்தியமே!"

அவள் சுவரில் சாய்ந்தாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கொத்தனாருக்கு மனசு கேட்கவில்லை.

"சரி விடு. வீட்டுக்காரர் வந்துட்டாரா? அன்னிக்கு வெளியூர் போயிருக்கார்னியே…"

"யார் வீட்டுக்காரர்?"

"உன் வீட்டுக்காரர்தான்."

"எனக்குக் கல்யாணமே ஆகலைங்க. எங்க அத்தை, மாமாகூட இருக்கேன்."

கொத்தனார் ஃப்ரேமைச் சரிசெய்துகொண்டு, லென்ஸ் இருந்த கண்ணால் அவளை உற்றுப் பார்த்தான்.

"மாமான்னா… எந்த முறையில மாமா?"

அவள் வாயைத் திறந்தாள்.

எந்த முறையில்?

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கட்டிலருகே இரண்டு பேர். அவள் வாய் தானாகவே 'அத்தை' என்றது. 'மாமா' என்றது. ஆஹா, இதாவது மிச்சம் இருக்கிறதே என்று அந்த இரண்டு வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டாள். எந்த முறை என்று கேட்கத் தோன்றவே இல்லை!

பாம்… பாம்…!

சந்து முனையில் ஒரு ஸ்கூட்டர். மாமா! கையில் அவள் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பா.

"கடையில போய்க் கேட்டா, எவனையோ துரத்திட்டுப் போறேன்னாங்க. யார்ம்மா இவன்?"

"என்னைப் பார்த்து ஓடுனாரு மாமா."

மாமா ஓய்வுபெற்ற ஏட்டு. அவர் கண்ணில் பழைய காக்கி ஒரு நொடி வந்து போனது.

"உன்னைப் பார்த்து ஓடுனானா? அப்ப நமக்கு வேண்டியவன்தான். ஏறுய்யா வண்டியில."

"சார்… மூணு பேர் போனா போலீஸ் பிடிக்கும்…"

"போலீஸ்தான்யா பிடிச்சிருக்கு. ஏறு!"

*

தப்…! தப்…! தப்…!

வீட்டின் பின்பக்கம் அத்தை துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

வாஷிங் மெஷின் வாங்கி, பிரிக்காத பெட்டியாகவே நடையில் நிற்கிறது. அத்தைக்குத் துவைக்கிற கல்தான் வேண்டும். போட்டுத்தாங்க என்று பல வருஷம் கேட்டு, மாமா தட்டிக்கழித்து, அவர் ஊரில் இல்லாத சமயம் பார்த்துத் தானே ஆள் வைத்துப் போட்டுக்கொண்டாளாம். அந்தப் பேச்சை எடுத்தால் சண்டைக்கு வருவாள். மாமா எடுப்பதில்லை.

காலையில் அந்தக் கல்லின் ஓரத்தில் உட்கார்ந்துதான் மாமா சவரம் செய்வார். அவள் டீ கொண்டுவந்து கொடுப்பாள்.

"ஏதாவது ஞாபகம் வந்துச்சாம்மா?" என்பார் மாமா.

பின்னாலேயே அத்தையும் கேட்பாள். "ஏதாவது ஞாபகம் வந்துச்சாம்மா?"

இல்லை. வந்ததே இல்லை. டாக்டரும் கையை விரித்துவிட்டார். "ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லைம்மா. மூளை பளிங்கு மாதிரி இருக்கு."

"அதுதான் டாக்டர் பிரச்சினை. பளிங்குல எதுவும் ஒட்டலை" என்றாள் அவள்.

டாக்டர் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று. அவளுடைய காறை எலும்பு எப்போதோ உடைந்து, வைத்தியம் இல்லாமல் தானாகக் கூடியிருந்தது.

கொத்தனாரைச் சுவரோரம் குத்தவைத்துவிட்டு மாமா ஹெல்மெட்டைக் கழற்றினார். அவள் அவர் எதிரில் போய் நின்றாள்.

"மாமா… நீங்க எனக்கு எந்த முறையில மாமா?"

தப் சத்தம் நின்றது.

மாமா பதறவில்லை. ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினார்.

"புருஷனோட அப்பா முறையில."

பூமி நழுவியது!

"எனக்கு… புருஷனா? ஏன் மறைச்சீங்க?"

"எதை மறைச்சோம்? ஒரு பொய் சொல்லியிருப்போமா? மாமான்னு கூப்பிட்டே, நான் திரும்பிப் பார்த்தேன். அத்தைன்னு கூப்பிட்டே, இவ திரும்பிப் பார்த்தா. தாய்மாமனும் மாமாதான், மாமனாரும் மாமாதான். நீயா ஒண்ணை எடுத்துக்கிட்டே."

"உங்க பையன்… இப்ப எங்க?"

மாமா முதல் தடவையாகச் சிரிக்காமல் அவளைப் பார்த்தார்.

"அதைத்தானேம்மா நான் உன்னைக் கேட்டுட்டு இருக்கேன்… தினமும் காலையில!"

தினமும். டீ டம்ளரை நீட்டியபடி. பெற்ற அப்பா மாதிரி.

"ஊருக்குப் போயிட்டு வந்து பார்க்கிறேன்… பையன் இல்லை. நீ இதே இடத்துல மண்ணாந்தை மாதிரி உட்கார்ந்திருக்கே. ஸ்டேஷன்ல 'காணவில்லை'ன்னு எழுதி மூடிட்டாங்க. தெருவுல எவனும் உன்கிட்ட வாயைத் திறக்கக்கூடாதுன்னு நான் சொல்லி வெச்சேன். உடம்பு கிடைக்காம கேஸ் நிக்காதும்மா. சர்வீஸ்ல எத்தனையோ பேர்கிட்ட அடிச்சு வாங்கியிருக்கேன். அன்பா வாங்குறதுன்னும் ஒண்ணு இருக்கு. நாளாகும்… ஆனா முழுசா வரும். அதான் காத்திருந்தேன்."

"நான் கொன்னேன்னு நினைக்கிறீங்களா?"

"நினைக்கலை. தெரியும். சாட்சிதான் இல்லாம இருந்துச்சு."

அவள் கை தானாகக் காறை எலும்புக்குப் போனது.

"அவர் என்னை அடிப்பாரா மாமா?"

"எந்த வீட்டுலதான் புருஷன் பொண்டாட்டி சண்டை இல்லை?"

பதில் கிடைத்துவிட்டது.

தப்…! அத்தை மறுபடி துணியை ஓங்கினாள். முன்னைவிட பலமாக.

மாமா கொத்தனார் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுய்யா. இவ உன்கிட்ட என்ன வேலை வாங்குனா?"

"சத்தியம் பண்ணியிருக்கேன் சார்…"

ஆனால் அவன் பார்வை வேறெங்கோ இருந்தது. அத்தை நனைந்த போர்வையைத் தூக்கி அறைந்தாள். தப்! கல் அசையவில்லை. இன்னொரு தப்! ம்ஹூம். கொத்தனார் குத்தவைத்தபடியே நகர்ந்து போனான். கல்லின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தான்.

"எறங்கலியே…!"

குரலில் ஆச்சரியம். கொஞ்சம் பெருமைகூட!

"என்னய்யா எறங்கலை?"

"கல்லு சார்! அடியில புது மண்ணு, எறங்கிடும்மான்னு தலையால அடிச்சுக்கிட்டேன். துவைக்கிற கல்லுக்கு முழங்கால் ஆழம் தோண்டுனாலே அதிகம். இங்க ஆளுயரத்துக்குத் தோண்டி மூடி வெச்சிருக்கு! எதுக்கும்மான்னா, 'கல்லைப் போடு, மறந்துடு'ன்னு…"

நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்து என்ன புண்ணியம்!

குழாய் சொட்டியது. மாமாவின் கை மெல்ல உயர்ந்து, காலையில் மழித்த கன்னத்தைத் தடவியது. அந்தக் கல்லில் உட்கார்ந்து மழித்த கன்னம்…

பாய்ந்து அவள் தோளைப் பிடித்தார்.

"நீதானே? சொல்லு… நீதானே?"

"தெரியலை மாமா…" தான் யார் என்று ஒன்றரை வருஷமாகத் தேடியவளுக்குக் கிடைத்த ஒரே விலாசம் இதுதான். "நானாத்தான் இருக்கும்…"

"விடுங்க அவளை."

அத்தை!

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இஸ்திரிப் பெட்டி என் கையிலதான் இருந்துச்சு."

"என்னடி உளர்றே?"

"இவ தரையில கெடந்தா. மூச்சே இல்லாத மாதிரி. அவன் அப்பவும் நிறுத்தலை. போதும்டான்னு ஒரு தடவை சொன்னேன். ரெண்டாவது தடவை சொன்னேன். மூணாவது தடவை சொல்லலை."

மாமாவின் கை அவள் தோளிலிருந்து நழுவியது.

"அப்புறம் எழுந்து எல்லாம் செஞ்சது இவதான். தோண்டுனா, மூடுனா, ஆளைக் கூட்டிட்டு வந்தா. 'நீங்க உள்ள போங்க அத்தை, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது'ன்னா. சிமெண்ட் காயறதுக்குள்ள இவளுக்கு எல்லாம் போயிடுச்சு. கொடுத்து வெச்சவ. நான் தினமும் துவைக்கிறேன்."

"நீயும்தானேடி என்கூடச் சேர்ந்து கேட்டே… ஞாபகம் வந்துச்சா, ஞாபகம் வந்துச்சான்னு?"

"நீங்க வரணும்னு கேட்டீங்க. நான் வந்துடக்கூடாதேன்னு கேட்டேன்."

"என்கிட்ட… ஒரு வார்த்தை…"

"நீங்க என்னைக் கேட்கவே இல்லையே! ஏட்டையாவுக்குச் சந்தேகம்னா மருமக மேலதானே வரும்!"

மாமா பின்னால் நகர்ந்தார். பழக்கதோஷத்தில் கல்லின் ஓரத்தில் உட்காரப் போனவர், சுட்டது போல் எழுந்தார். போனை எடுத்தார். எத்தனையோ வீடுகளுக்கு ஜீப்பில் போய் இறங்கியவருக்குத் தன் வீட்டு விலாசம் சொல்ல நாக்கு புரளவில்லை. ஒருவழியாகச் சொல்லி முடித்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அவள் மண்டியிட்டாள். கல்லின் மேல் கையை வைத்தாள். காத்திருந்தாள்.

ஒரு முகம்? ஒரு குரல்? மண்வெட்டியின் கனம்? ஏதாவது… ஏதாவது ஒன்று?

ஊஹும்.

எல்லாம் தெரிந்துவிட்டது. எதுவும் ஞாபகம் வரவில்லை. யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்ட மாதிரி இருந்தது. அந்தக் கதையை முழுசாகத் தெரிந்த ஒரே ஆளையும் இன்னும் சற்று நேரத்தில் ஜீப் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் 'அத்தை' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க யாரும் இல்லை.

"ஏதாவது ஞாபகம் வந்துச்சாம்மா?" என்று அத்தை மெதுவாகக் கேட்டாள்.

"இல்லை அத்தை."

"அது போதும்."

தெருமுனையில் ஜீப் திரும்புகிற சத்தம் கேட்டது.

கொத்தனார் மூக்கிலிருந்த ஃப்ரேமைக் கழற்றினான். சட்டையில் துடைத்து அவள் கையில் வைத்தான். கிசுகிசுத்தான்.

"தங்கச்சி… இப்பவாவது நான் ஓடலாமா?"