தினம் ஒரு கிண்ணம் தண்ணீர்

எரீபம் விடியுமுன்பே எழுந்தான். பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தினான். முற்றத்து அடுப்பில் சாம்பலைக் கிளறி, வறட்டியை உடைத்துப் போட்டு ஊதினான். பார்லிக் கஞ்சி கொதிப்பதற்குள் மகளை எழுப்பி முகம் கழுவிவிட்டான். சபீக்கு மூன்று வயது. தலை சீவும்போது அழமாட்டாள். சீப்பு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் தலையைச் சாய்த்துக் கொடுப்பாள். கஞ்சியில் எள்ளெண்ணெய் விட்டு ஆறவைத்தான். பிறகு சாடியிலிருந்து ஒரு கிண்ணம் தண்ணீர் மொண்டுகொண்டு உள்ளறைக்குப் போனான்.

உள்ளறையின் மூலையில், செங்கல் தளத்துக்கு மேலே சற்று நீட்டிக்கொண்டிருந்தது சுடுமண் குழாய். அதன் வாயை மூடியிருந்த பானை ஓட்டை எடுத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றினான்.

"பெல்தானி, குடி."

லார்சாவில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். செத்தவர்களை யாரும் தூரத்தில் கொண்டுபோய் விடுவதில்லை. தளத்தைப் பெயர்த்து, குழி வெட்டி, பாயில் சுருட்டிக் கிடத்தி, மறுபடி செங்கல் பரப்பி, அதன்மேலேயே உண்டு உறங்கினார்கள். ஊரே அப்படி உயர்ந்ததுதான். இடிந்த வீட்டின்மேல் வீடு, அதன்மேல் இன்னொன்று. தெரு மேடாக மேடாக வாசற்படியும் ஏறிக்கொண்டே வந்தது. அடியில் இருப்பவர்களுக்குத் தாகம் எடுக்கும். அதற்குத்தான் குழாய்.

ஊற்றியதும் ஒரு மூச்சு நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு ஆழத்தில், ஈர மண்ணில் தண்ணீர் விழும். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் அவன் ஓட்டை மூடுவான்.

அன்று சத்தம் வரவில்லை.

காத்திருந்தான். குனிந்து காதை வைத்தான். மண் அடைத்திருக்கும் என்று நினைத்து ஒரு நாணல் குச்சியைச் செருகிப் பார்த்தான். குச்சி தடையில்லாமல் இறங்கியது. வெளியே எடுத்தபோது அதில் ஈரமே இல்லை. ஒரு கிண்ணம் தண்ணீர் போன குழாய் உள்ளே காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டும் சிந்தாமல் யாரோ வாய்வைத்துக் குடித்தது போல.

ஓட்டை மூடினான். கச்சையைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

கால்வாய் அலுவலகத்தில் அவனுக்கு அளவை வேலை. கயிற்றில் களிமண் குண்டைக் கட்டி இறக்கி, வண்டல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துப் பதியவேண்டும். எழுத்துப் பள்ளியில் மீசை அரும்பும்வரை இருந்தவன். செத்தவர்கள் இருட்டில் புழுதியைத் தின்று கிடப்பதாகச் சொல்லும் பாட்டை அங்கே எத்தனையோ முறை எழுதியிருக்கிறான். எழுத்து கோணினால் அடி விழுந்தது. அது உண்மையா என்று யாரும் கேட்கவில்லை. அவனும் யோசித்ததில்லை.

மாலையில் நாபி வந்தான். பெல்தானியின் அண்ணன், நாணல் வியாபாரி, அடுத்த சந்தில் வீடு. பகலில் சபீயைப் பார்த்துக்கொள்வது அவன் மனைவி குன்னுதும்தான். ஒரு குடம் பார்லிக் கள்ளை இறக்கிவைத்துவிட்டு, கோடையில் ஊரே மாடியில் படுக்க, நீ மட்டும் இந்த அடுப்புக்குள் படுத்து வேகிறாயே என்று ஆரம்பித்தான். நாபியின் கண் உள்ளறைப் பக்கம் போயிற்று. குழாயைச் சுற்றியிருந்த செங்கல் மட்டும் தினமும் தண்ணீர் பட்டுக் கறுத்திருந்தது.

"உயிரோட இருந்தப்ப ஒரு நாளாச்சும் அவளுக்குத் தண்ணி மொண்டு குடுத்திருப்பியா மாப்ள? இப்ப பாரு, விடிஞ்சா போதும், கிண்ணத்தத் தூக்கிக்கிட்டுப் போற."

"செய்யணும்னுதான மச்சான் சொன்னீங்க."

"மாசத்துக்கு ஒருக்கா. நிலா மறையுற அன்னிக்கு. பேரச் சொல்லணும், ஊத்தணும், வந்துறணும். நீ தெனமும் வாசல்ல நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டா, போனவ எப்படிப்பா போவா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் எழுந்து போகும்போது சிரிப்பு இல்லை. சபீயைத் தங்களிடமே விட்டுவிடு என்றான். குன்னுதுமுக்குப் பிள்ளை இல்லை, தாய் போல வளர்ப்பாள். நீ சின்ன வயசு, இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளலாம். சாகும்போது பெல்தானி என்ன சொன்னாள்? சபீயைப் பார்த்துக்கொள் என்றுதானே? அதைத்தான் நாங்களும் செய்கிறோம் என்றான்.

எரீபம் தலையைக் குனிந்துகொண்டான். பெல்தானி அதைச் சொல்லவில்லை. குழியை மூடும்போது எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள், எதையாவது சொல்லவேண்டியிருந்தது. ஆனால் பிள்ளையைக் கொடுப்பதாக இல்லை. அவள் போன பிறகு அந்த வீட்டில் சூடாக இருந்தது அடுப்பும் சபீயும்தான்.

அதன்பிறகும் தினமும் ஊற்றினான். சத்தம் திரும்பி வரவில்லை. ஓட்டை எடுக்கும்போதெல்லாம் ஒரு வாசனை எழுந்தது. புரத்து ஆற்றில் வெள்ளம் வடிந்த பிறகு கரையில் எழும் சேற்று வாசனை, அதற்குள்ளே எங்கோ எள்ளெண்ணெய், பெல்தானி தலைக்குத் தடவிக்கொள்ளும் எண்ணெய். அது தன் கையிலிருந்துதான் வருகிறது, கஞ்சிக்கு விட்ட எண்ணெய்தான் என்று அவன் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டான். சாம்பல் வாசனைதான் வந்தது.

ஒரு மாலை, மாவு சலித்துக்கொண்டிருந்தவன் வீடு அமைதியாக இருப்பதை உணர்ந்து உள்ளே போனான். சபீ தளத்தில் குப்புறப் படுத்திருந்தாள். ஓடு அகற்றப்பட்டிருந்தது. ஒரு பேரீச்சம்பழத்தைக் குழாய்க்குள் நீட்டிப் பிடித்திருந்தாள். அவள் போடவில்லை. பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு கையை வெளியே எடுத்தாள். விரல்களில் பழம் இல்லை. நகக்கண் வரை சேறு.

"என்னடா பண்ற?"

"அம்மாக்கு."

"அம்மா கீழ தூங்குறா."

சபீ யோசித்தாள். பிறகு, திருத்துவது போலப் பொறுமையாகச் சொன்னாள்:

"மொதல்லதாம்பா கீழ இருந்தா. இப்ப கிட்ட வந்துட்டா."

அவளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். சேற்றைக் கழுவினான். அது எளிதில் போகவில்லை.

அவள் தூங்கிய பிறகு அளவைக் கயிற்றை எடுத்தான். அந்தக் குழாயைப் புதைத்தபோது அவனே குழிக்குள் நின்றிருந்தான். அதன் ஆழம் அவன் உயரம். களிமண் குண்டை மெல்ல இறக்கினான். விளக்கின் சுடர் அசையாமல் நின்றது. கயிறு அவன் விரல்களுக்கிடையே நழுவிச் சென்றது.

முழங்கை ஆழத்தில் நின்றது.

கல்லில் மோதியது போல இல்லை. வண்டலில் அமிழ்ந்தது போலவும் இல்லை. வண்டல் எப்படி இருக்கும் என்று அவன் கைக்குத் தெரியும். இது மெத்தென்று தாங்கியது. ஏந்திக்கொண்டது. கயிற்றைத் தளர்த்தினான். தளர்ந்த கயிறு தானாக விறைத்தது. மிக மெதுவாக. பிறகு விட்டுவிட்டது.

குண்டை மேலே எடுத்து விளக்கில் காட்டினான். பக்கவாட்டில் ஒரு பள்ளம். ரொட்டி தட்டுமுன் மாவு பதமாகிவிட்டதா என்று பெல்தானி கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். அதே அளவுப் பள்ளம். அதே சாய்வு.

அன்றே கீலைக் காய்ச்சினான். படகுக்குப் பூசுகிற கெட்டிக் கறுப்புக் கீல். நாணலைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்து, மேலே கீலை வழியவிட்டு, ஆறுவதற்குள் ஒரு செங்கல்லை வைத்து அழுத்தினான். கண்ணெல்லாம் எரிந்தது. அழுகிறோமா என்று அவனுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை பாயைச் சுருட்டினான். அடுப்பை ஊதினான். சபீயின் தலையைச் சீவினான். கிண்ணத்தை எடுக்கவில்லை.

"அம்மாக்குத் தண்ணி?"

"இன்னிக்கு இல்ல."

சபீ உள்ளறைப் பக்கம் பார்த்தாள். கேட்டுக்கொண்டிருப்பவள் போலத் தலையைச் சாய்த்தாள். கஞ்சியை மீதி வைத்துவிட்டாள்.

நண்பகலில் தெற்கு வானம் பழுத்தது. கால்வாயில் மண் வாரிக்கொண்டிருந்தவர்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். புழுதிப் புயல். எரீபம் முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு நாபியின் வீட்டுக்கு வந்தபோது சந்தில் எதிர்ச்சுவர் தெரியவில்லை. குன்னுதும் சபீயை மடியில் வைத்திருந்தாள். பிள்ளை காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை, வீட்டுக்குப் போகணும் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றாள்.

நாபி கதவை மறித்தான். "இந்தப் புழுதில எங்க தூக்கிட்டுப் போற? அடங்குற வரைக்கும் இங்க இருக்கட்டும் மாப்ள. எங்க ஓடிறப் போறா?"

அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் இன்றைக்கு விட்டால் நாளைக்கும் விடச் சொல்வார்கள். நாளைக்கு விட்டால் அவள் அந்த வீட்டுப் பிள்ளை. குன்னுதுமின் கை சபீயின் வயிற்றைச் சுற்றியிருந்த விதத்தை எரீபம் பார்த்தான். பிள்ளையை வாங்கித் துணிக்குள் சுற்றிக்கொண்டு நடந்தான். வழி நெடுக அவள் அவன் கழுத்தில் முகம் புதைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

புழுதி புகாத அறை உள்ளறை ஒன்றுதான். கதவு இடுக்கில் ஈரத்துணி செருகினான். கூரையோரக் காற்றுத்துளையையும் அடைத்தான். அப்படியும் நடுப்பகலில் அறை செங்கல் நிறமாகி, பிறகு காய்ந்த ரத்த நிறமாகி, இருண்டது. விளக்கை ஏற்றினான். அணைந்தது. வெளியே காற்று ஊரின்மீது மணலைத் தேய்த்துக்கொண்டேயிருந்தது. பற்களில் மண். மூக்கில் மண். அதற்கடியில் சேறு. எண்ணெய்.

மூலையைத் தடவிப் பார்த்தான். செங்கல் வைத்த இடத்தில் இருந்தது. கீல் இறுகியிருந்தது.

சபீயைத் தூர இருந்த சுவரோரம் படுக்கவைத்து, மூலைக்கும் அவளுக்கும் நடுவே தான் படுத்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான். குண்டை இறக்கிப் பார்த்த பிறகு அவன் கண்மூடவேயில்லை. தூங்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தான். நினைத்துக்கொண்டிருந்தபோதே எங்கோ தட்டும் சத்தம் கேட்டது. பிள்ளையைத் தூங்கவைக்கத் தட்டுவது போல. இரண்டு வேகமாக. ஒன்று மெதுவாக. இரண்டு வேகமாக. ஒன்று மெதுவாக. பெல்தானி அப்படித்தான் தட்டுவாள். அவனும் அதில் தூங்கியிருக்கிறான்.

விழித்தபோது காற்று நின்றிருந்தது.

இருட்டு. அமைதி. முதலில் கையைத்தான் நினைத்தான். இருந்தது. அவன் உள்ளங்கைக்குள் சபீயின் கை. சின்னது. வெதுவெதுப்பாக.

"சபீ."

விரல்கள் அவன் விரலை இறுக்கின. மூச்சு விட்டான். அப்படியே கிடந்தான்.

பிறகு, தான் குப்புறப் படுத்திருப்பது தெரிந்தது. பாயில் இல்லை. வயிற்றுக்கடியில் வெறும் செங்கல். மணிக்கட்டில் ஏதோ குளிர்ந்தது. வட்டமான விளிம்பு.

சுடுமண்.

காற்றுத்துளையின் துணியிலிருந்து மண் மெல்லச் சரிந்தது. ஒரு கோடு வெளிச்சம். மாலை வெயில். அது சுவரில் விழுந்தது. தளத்துக்கு வந்தது. பாய்க்கு வந்தது. பாயில் யாரும் இல்லை. கதவு இடுக்கில் துணி செருகியபடியே இருந்தது. தளத்தில் ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை. கீல் மட்டும், மேலே வைத்த செங்கல்லோடு, மூடி போல, ஒருபுறம் முழுசாக எடுத்துவைக்கப்பட்டிருந்தது.

குழாயின் வாயிலிருந்து ஒரு கை மேலே நீட்டிக்கொண்டிருந்தது. சபீயின் கை. முழங்கை வரை. அந்தக் குழாயில் அவளுடைய கை மட்டும்தான் கொள்ளும். அது அவன் விரலைப் பிடித்திருந்தது. உயிரோடு.

இழுத்தான். வரவில்லை.

"சபீ. சபீ."

அழுகை இல்லை. அடியிலிருந்து ஒரு முனகல் வந்தது, பாதித் தூக்கத்தில் பிள்ளைகள் முனகுவது போல. சுகமாக. அப்புறம் தட்டும் சத்தம். இரண்டு வேகமாக. ஒன்று மெதுவாக.

சின்ன விரல்கள் தளர்ந்தன. தூக்கத்தில் தளர்வது போல. அவன் விடவில்லை. அப்போது அந்தச் சின்ன மணிக்கட்டைச் சுற்றி, குழாயின் இருட்டுக்குள்ளிருந்து, வேறு விரல்கள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. சேறு படிந்த, நீண்ட விரல்கள். கட்டைவிரல் கடைசியாக வந்து, மெல்ல அழுத்திப் பார்த்தது.

பெல்தானி சாகக் கிடந்தபோது அவள் பாயும் இங்கேதான் விரித்திருந்தது. காய்ச்சல் பிள்ளைக்கும் தொற்றிவிடும் என்று அவன் சபீயை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகிலேயே நின்றான். கையை மட்டும் நீட்டிக் கிண்ணத்தை வைத்தான். பெல்தானி அதைத் தள்ளிவிட்டாள். உதடு வெடித்திருந்தது. அவனைப் பார்க்கவேயில்லை, பிள்ளையைத்தான் பார்த்தாள்.

"தண்ணி போதும். புள்ளய எம்பக்கத்துல படுக்க வை."