புல்விரிப்புக்கு அடியில்

பாட்டு முடிந்த பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. டொக். டொக். ரம்யா போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டாள். சற்று முன் எடுத்த ரீல்தான். நீச்சல் குளம், இரும்பு ஊஞ்சல் நாற்காலி, பின்னால் பொன்னேரி வயல்களின் பச்சை என்று, அவளும் கணவனும் வாடகைக்கு விடும் பண்ணைவீடு அழகாகத்தான் விழுந்திருந்தது. ஆனால் மறுபடி மறுபடி எடுத்தும், பிளாஸ்டிக் மக்கால் சிமெண்டில் தட்டுகிற அந்தச் சத்தம் அடியில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அது அவளுக்குத் தெரிந்த சத்தம்.

போன மாதம் இதே இடத்தில், தரையிலுள்ள தண்ணீர்த் தொட்டியின் மூடி திறந்து கிடப்பது வீடியோவில் அசிங்கமாகத் தெரிகிறதென்று அதை மூடி, மேலே பச்சைப் புல்விரிப்பைப் போட்டு, ஊஞ்சல் நாற்காலியை இழுத்து வைத்து ஒரு ரீல் எடுத்தாள். காதில் பாட்டு ஓடியது. வீட்டு வேலைக்கு வரும் சாராள் உள்ளே இறங்கித் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. அதுவரை அது தெரியாமல் நடந்த தப்புதான். சாயந்திரம் மீஞ்சூர் வீட்டில் எடிட் செய்ய உட்கார்ந்தபோது தட்டும் சத்தத்தோடு குரலும் கேட்டது. "யக்கா, மூடியத் தொறங்கக்கா."

புரிந்தது. ஆனால் ஊரே போன் பார்க்கிற நேரம். போஸ்ட் போட்டுவிட்டு வாட்ச்மேனைக் கூப்பிடலாம் என்று நினைத்தாள். குரலுக்கு மேல் பாட்டை ஏற்றிப் போட்டாள். லைக் வந்தது, இன்னும் வந்தது, பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள், பாவி. பண்ணைவீட்டில் மோட்டார் தானாக ஓடித் தொட்டியை நிரப்பியது.

விரிப்பைச் சுருட்டி, மூடியைத் திறந்துவைத்த பிறகுதான் சாராளின் புருஷன் தானியேலுக்குச் சொல்லி அனுப்பினார்கள். கும்மிடிப்பூண்டி ஃபேக்டரி சட்டையோடு ஓடி வந்தவனிடம், கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ரம்யா அழுதுகொண்டே சொன்னாள். நம்பிவிட்டான். அத்தோடு முடிந்ததென்று நினைத்தாள்.

இப்போது கணவன் சந்திரமோகனுக்குப் போன் செய்தாள். "ஏங்க, சம்ப்புத் தொட்டிக்குள்ள இன்னாவோ தட்டுதுங்க."

"எலியா இருக்கும். பழைய ரீலாலதான் பொங்கல் வரைக்கும் புக்கிங் ஃபுல்லு. புதுசு ஒண்ணு போட்டுனு வா, பேஜாரு பண்ணாத."

வெயில் சாய்ந்து, அனல்மின் நிலையத்துப் புகை வயலுக்கு மேல் பழுப்பாகப் படிந்திருந்தது. நாற்காலியைத் தள்ளி, விரிப்பைச் சுருட்டி, இரும்பு மூடியைப் புரட்டினாள். பாசி வாடையோடு தேங்காயெண்ணெய் தடவிய தலையின் வாசனையும் மேலே வந்தது. அடியில் ரோஸ் நிற மக் ஒன்று மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. சாராளுடையது. அப்பாடா என்று சிரிப்பே வந்தது. சாராள் செத்த பிறகு குழாயைப் பிடுங்கிப் போட்ட தொட்டிதான். மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும், மக் மிதந்து சுவரில் இடிக்கிறது. எடுத்து எறிந்துவிட்டால் தொல்லை விட்டது.

கம்பிப் படியில் இறங்கினாள். மக்கை எடுத்தாள்.

தரை காய்ந்திருந்தது.

பொட்டுத் தண்ணீர் இல்லை.

வெளிச்சம் பாதியானது. நிமிர்ந்து பார்த்தாள். மூடியின் விளிம்பில் விரல்கள். ஊறி வெளுத்த விரல்கள்.

"சாராள்... வேணாம்மா... சாராள்..."

மேலிருந்து குரல் வந்தது. கோபமே இல்லை அதில்.

"கொஞ்சம் இருங்கக்கா. போஸ்ட்டு போட்டுனு வந்து தொறக்கிறேன்."

மூடி விழுந்தது. விரிப்பு உரசியது. நாற்காலி இழுபட்டது. யாரோ உட்கார்ந்தார்கள். ஊஞ்சல் கிரீச்சிட்டது.

பாட்டு தொடங்கியது.

கணுக்காலில் ஏதோ சில்லென்றது. குழாயில்லாத சுவரிலிருந்து தண்ணீர். முழங்கால். இடுப்பு.

கையில் மக் இருந்தது.

ரம்யா தட்டினாள்.

டொக்.

டொக்.