வில்லோ ஓடையில் கிடைத்த குட்டை அம்பு

ஆர்லோ பாக்கன் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. எய்னர் ஸ்கோக்ஸ்டாடின் சமையலறை மேசையில் ஒரு துணிப் பொட்டலத்தை வைத்து, "பிரிச்சுப் பாரு" என்றார்.

உள்ளே ஒரு குட்டை அம்பு இருந்தது. கையால் இழுத்து எய்யும் வில்லுக்கு உரியதல்ல. துப்பாக்கியைப் போலத் தோளில் வைத்துச் சுடும் குறுக்குவில்லுக்கு உரியது. முனையிலும் தண்டிலும் ரத்தம் பழுப்பாகக் காய்ந்திருந்தது. வால் பக்கத்து மூன்று மஞ்சள் இறகுகள் மட்டும் கடையிலிருந்து அப்போதுதான் வந்தவைபோலப் பளிச்சென்றிருந்தன.

"ஜோலீன் ட்வொராக்கோட மானைக் கொன்னது இதுதான்" என்றார் ஆர்லோ. "வில்லால எடுத்தேன்னு பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கா. அவளுக்குத் தோள்ல ஆபரேஷன் ஆச்சு, தெரியுமில்ல? அந்தக் கையால நாண் இழுத்தாளாம். நாம காதுல பூ வச்சுக்கிட்டிருக்கோம்."

மேசையின் மறுகோடியில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த மார்லிஸ் குரூகருக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு ஏறிவிட்டது. அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். வாழ்நாளில் வில்லைத் தொட்டதில்லை. கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காக வில்வேட்டைச் சங்கத்தின் செயலாளர் ஆக்கப்பட்டவள். உறுப்பினர்கள் வில்லால் எடுத்த மான்களின் கொம்புகளை எய்னர் அளப்பார், பெரியது முதலாக அவள் பதிவேட்டில் எழுதுவாள். சங்கத்தில் யாராவது யாரையாவது ஏமாற்றமாட்டார்களா என்று ஆறு வருடமாக அவள் காத்திருந்தாள் என்று சொன்னால் அது பெரிய பொய்யாகாது.

ஆனால் ஆர்லோவின் முகத்தைப் பார்த்ததும் அந்த உற்சாகம் கொஞ்சம் சுருங்கியது. நான்கு வருடமாகப் பதிவேட்டின் முதல் வரியில் இருந்த பெயர் டேல் பாக்கன், அவருக்கும் மனைவி கார்லாவுக்கும் ஒரே மகன். அந்த மானை எடுத்த மூன்றாவது மாதம், உறைந்த சாலையில் லாரி புரண்டு இறந்துபோனான். இந்த மாதம்தான் ஜோலீனின் மான் ஏழு அங்குல வித்தியாசத்தில் அவனை இரண்டாம் வரிக்குத் தள்ளியிருந்தது.

"எங்க கிடைச்சுது?" என்று கேட்டார் எய்னர். அவர் அம்பின் முனையைப் பார்க்கவில்லை, வாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வில்லோ ஓடைல, வளைவு இருக்கே, அங்க. அவ எடுத்த அடுத்த வாரம் சும்மா போய்ப் பாத்தேன். மான் நின்ன இடத்துக்குப் பின்னாடி கரைல குத்தி நின்னுது. முப்பதடிக்கு ரத்தத் தடம் வேற. என் கண்ணால பாத்தேன்."

"வில்லோ ஓடைலயா?"

"அதான் பேப்பர்லயே போட்டிருந்தாங்களே, போட்டோவோட."

எய்னர் அம்பை மெல்ல உருட்டிப் பார்த்தார். முப்பது வருடம் நில அளவையாளராக இருந்தவர். அவசரம் என்பது அவர் ரத்தத்தில் கிடையாது. பிறகு அம்பைத் துணியில் சுற்றித் திரும்ப நீட்டினார். "எடுத்துட்டுப் போயிடுடா. நான் பாக்கல, மார்லிஸும் பாக்கல."

"என்ன பேச்சுப் பேசுற? புகார் எழுதணும். சத்தியப் பத்திரம்."

"எழுதிட்டா திரும்ப வாங்க முடியாது. யோசிச்சுக்கோ."

"பேனா கொடு."

"ஆர்லோ, வேணாம். வீட்டுக்குப் போ."

"பேனா கொடுன்னேன்!"

மார்லிஸ்தான் பேனாவை நீட்டினாள். பிற்பாடு அதை நினைத்து அவள் பலமுறை வருந்தினாள்.

ஆர்லோ புகாரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அன்று மதியமே எய்னரும் மார்லிஸும் ட்வொராக் பால்பண்ணைக்குப் போனார்கள். ஜோலீன் ரப்பர் பூட்ஸோடு மாட்டுக் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் குழாயைக் கீழே போட்டாள்.

"குறுக்குவில்லா? நானா? யாரு சொன்னது?"

"அது இப்ப வேணாம்மா. வில்லை மட்டும் காட்டு" என்றார் எய்னர்.

அவர் நாணில் தொங்கு தராசை மாட்டி இழுத்தார். முள் நாற்பத்து மூன்று பவுண்டில் நின்றது. சங்க விதிப்படி குறைந்தது நாற்பது வேண்டும். மின்விளக்கு, தூரமானி என்று விதி தடுக்கும் எதுவும் வில்லில் ஒட்டியிருக்கவில்லை. அடுத்து ஜோலீன் தானே இழுக்கவேண்டும். கோட்டைக் கழற்றினாள், சட்டைக் கழுத்தோரம் தழும்பு தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நாணை முழுதாக இழுத்து, எய்னர் போதும் என்கிற வரை பிடித்திருந்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஆறு மாசம் தினம் இழுத்துப் பழகினேன். குறுக்குவில்லுன்னா ஏத்தி மடில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கலாம், மான் வந்ததும் விரலை அசைச்சாப் போதும். எனக்கு அப்படியா? அது இருபது அடில நின்னு பாத்துக்கிட்டிருக்கு, நான் அசையாம இழுக்கணும். மூணு மானை அப்படியே விட்டேன், தெரியுமா?"

மார்லிஸுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பெண்ணைக் கொட்டகையில் நிற்கவைத்துத் தோளைச் சோதிக்கும் வேலையை அவள் கனவு கண்டதில்லை.

"பரண் இருந்த இடத்தைக் காட்டறியா?" என்றார் எய்னர்.

ஜோலீன் மார்லிஸை ஓரக்கண்ணால் பார்த்தாள். "இவங்களும் வரணுமா? என் புருஷனுக்கே தெரியாது அந்த இடம்."

வில்லோ ஓடை பண்ணைக்குத் தெற்கே இருக்கிறது. ஜோலீனின் வண்டி வடக்கே மேடேறி, பாழடைந்த ஆப்பிள் தோப்பில் போய் நின்றது. ஒரு மரத்தில் பரண் இன்னும் கட்டியிருந்தது.

திரும்பி வரும்போது மார்லிஸ் பொறுக்கமாட்டாமல் வெடித்தாள். "மாட்டிக்கிட்டா பாருங்க! பேப்பருக்கு ஓடைன்னா, நமக்குத் தோப்புங்கிறா. எதுக்கு மாத்திப் பேசணும்?"

"நமக்கு மாத்தல. நவம்பர்லயே உறை ஒட்டிக் கொடுத்த பத்திரத்துல தோப்புன்னுதான் எழுதியிருக்கா. அளக்கறவன் மட்டும் பிரிக்கற உறை. சாட்சி இல்லாம எந்த மானையும் பதிய முடியாது. மானை இழுக்க வந்த பக்கத்துப் பண்ணை ஹார்லன் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கான்."

"அப்போ பேப்பர்ல?"

"பேப்பர்ல பொய்."

அதற்குமேல் அவர் வாயைத் திறக்கவில்லை. மார்லிஸ் வீடு வரை குழம்பிக்கொண்டே வந்தாள்.

ஞாயிறு மதியம், சர்ச் கலைந்த பிறகு, ஆர்லோ, ஜோலீன் உட்பட நால்வரும் சங்க அறையில் கூடினார்கள். எய்னர் பதிவேட்டையும் அம்பையும் மேசையில் வைத்தார்.

"ஜோலீனோட வில்லுல விதிமீறல் எதுவும் இல்ல. அவளால இழுக்க முடியும். இழுத்தா, நான் பாத்தேன்" என்று தொடங்கினார். "இப்ப இந்த அம்பு. மானை ஊடுருவிக் கரைல குத்தின அம்புன்னா முழு அம்பும் மானுக்குள்ள போய் வந்திருக்கணும், வாலும் சேத்து. இறகெல்லாம் ரத்தமும் கொழுப்பும் அப்பிப் படிஞ்சு கிடக்கும். இதுல ஒரு சொட்டு இல்ல. முனையையும் தண்டையும் யாரோ ரத்தத்துல தோய்ச்சிருக்காங்க."

ஆர்லோ அம்பின் இறகுகளைப் பார்த்தார்.

"ரெண்டாவது, இடம். நீ வில்லோ ஓடைல அம்பைப் பாத்தே, ரத்தத் தடம் பாத்தே. சத்தியம் பண்ணி எழுதியிருக்கே. ஆனா ஜோலீன் மான் எடுத்தது ஓடைல இல்ல. அங்கேர்ந்து ஒண்ணரை மைல் தள்ளி."

"பேப்பர்ல..." என்றார் ஆர்லோ.

"பேப்பர்காரன் இடம் கேட்டா எவன்டா நிஜத்தைச் சொல்வான்? நீ சொல்லியிருக்கியா? நான் சொல்லியிருக்கேனா? மறு வருஷம் அங்க பத்துப் பேர் பரண் கட்டிடுவானே!"

மார்லிஸுக்கு அப்போதுதான் விளங்கியது. வேட்டைக்காரர் எவரும் தம் இடத்தை ஊருக்குச் சொல்வதில்லை. சொன்னால் அது பொய் என்று மற்ற எல்லா வேட்டைக்காரருக்கும் தெரியும். தெரியாதவள் அவள் ஒருத்திதான்.

"முப்பத்தெட்டு வருஷம் காட்டுல திரிஞ்சவன் நீ" என்றார் எய்னர். "ரெண்டும் நீ பண்ற தப்பே இல்லடா. நீ நிதானத்துல இல்ல."

ஆர்லோ தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். "பன்னி ரத்தம்" என்றார். "வருஷா வருஷம் சங்கப் புத்தகம் அச்சாகி வந்ததும் கார்லா முதல் பக்கத்தைத்தான் திறப்பா. அவன் பேர் மேல விரலை வச்சுப் பாப்பா. நாலு தடவை பாத்துட்டா. இந்தத் தடவை அவ விரல் கீழ இறங்கறதை என்னால பாக்க முடியாது, எய்னர். அவ்வளவுதான்."

ஜோலீன்தான் முதலில் வாயைத் திறந்தாள். இரண்டு நாளாகச் சேர்த்துவைத்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "ரெண்டாவது வரியும் நல்ல வரிதான், ஆர்லோ. எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா நான் மானைப் பதியாமலே விட்டிருப்பேனே."

"ரெண்டாவது வரியும் இல்லம்மா" என்றார் எய்னர்.

அவர் பதிவேட்டைத் திறந்தார். "பொய்ச் சத்தியம் பண்ணினவனோட கையெழுத்து எதுலயும் நிக்காது. முன்னாடி போட்டது, பின்னாடி போட்டது, எல்லாம் போச்சு. இந்த விதியை நான்தான் கொண்டுவந்தேன். வழிமொழிஞ்சது நீ." ஒரு கணம் நிறுத்தினார். "டேலோட மானுக்குச் சாட்சி யாரு?"

ஆர்லோ பதிவேட்டில் மகன் பெயரைப் பார்த்தார். "நான்தான். அன்னைக்கு நாங்க ரெண்டு பேர்தானே போனோம்" என்றார் மெல்ல.

மார்லிஸ் எழுந்தே விட்டாள். "நீங்கதானே அந்தக் கொம்பை அளந்தீங்க! நல்ல மான்னு உங்களுக்குத் தெரியும். இவர் அம்பைக் கொண்டுவந்த அன்னைக்கே இவர் பொய்யைக் கண்டுபிடிச்சிட்டீங்க, இல்ல?"

"அவன் ஓடைன்னு வாயைத் திறந்த உடனே. உறைல இருக்கறதை நான் வெளிய சொல்லக்கூடாது. அதான் மூணு தடவை தடுத்தேன்."

பேனாவை நீட்டியது தன் கைதான் என்பது மார்லிஸுக்கு நினைவு வந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"என் பேரை அடிச்சுக்கோங்க" என்றாள் ஜோலீன். "அவன் பேரை விடுங்க. செத்தவன் என்ன பண்ணினான்?"

"ஒண்ணும் பண்ணல. அதான் கொடுமை."

ஒரு பெயரை நீக்க இரண்டு கையெழுத்துகள் வேண்டும். எய்னர் டேலின் பெயர்மேல் கோடு போட்டு, கீழே தன் பெயரை எழுதினார். ஆர்லோ மேசைக்கு வந்து கையை நீட்டினார். "நானே போடறேன். வேற யாரும் அவன் பேரை அடிக்க வேணாம்."

எய்னர் பேனாவைக் கொடுக்கவில்லை. "உன் கையெழுத்து செல்லாது, ஆர்லோ."

ஜோலீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேறு யார் இருக்கிறார்கள்? மார்லிஸ் தன் அழகான கையெழுத்தில், ஒவ்வோர் எழுத்தாக, நீக்கத்துக்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.

ஆர்லோ அந்த வரியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அவன் நேர்மையாத்தான் எடுத்தான். உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்டா" என்றார் எய்னர். "வா, நானும் வீட்டுக்கு வரேன். கார்லாகிட்ட நீ தனியா சொல்ல வேணாம்."