காலி செய்த வீட்டில் தண்ணீர்ச் சத்தம்

சாவியைக் கொடுக்க அவள் கீழ்வீட்டுக் கதவைத் தட்டியபோது வீட்டு உரிமையாளரம்மா அதை வாங்கவில்லை. அண்ணாந்து பார்த்தார்.

"உன் வீட்டுக்காரர் இன்னும் குளிக்கிறார் போல. தண்ணி விழுற சத்தம் கேக்குதே. அவர் வந்ததும் பூட்டிட்டுக் குடும்மா."

வாசலில் சாமான்கள் ஏற்றிய லாரி. அதன் முன்சீட்டில் கணவன் டிரைவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். குழாயை மூட மறந்திருப்போம் என்று அவள் மாடியேறினாள். விளக்கம் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது.

வாடகைக்குப் பேசிய காலத்தில் பாதிகூட ஆகவில்லை. இருட்டில் யாரோ தன் மூச்சோடு சேர்ந்து மூச்சு விடுகிறார்கள், போய்விடலாம் என்று அவன்தான் கெஞ்சினான். இரவெல்லாம் அவனோடு விழித்திருந்தே அவளுக்கு அழுகையும் கோபமும் மரத்துப்போயிருந்தன. ஆனால் இன்று காலையிலிருந்து அவன் வேறு ஆளாக இருந்தான். வீட்டில் துரும்பைக்கூட நகர்த்தாதவன், பீரோவைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். நல்லதுதான் என்று விட்டுவிட்டாள்.

காலி அறைகளில் அவள் செருப்புச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பியது. பினாயில் வாடைக்கு அடியில், அவன் வழக்கமாகப் போடும் சோப்பின் மணம், வெதுவெதுப்பாக, இப்போதுதான் நுரைத்ததுபோல வந்துகொண்டிருந்தது. குளியலறைக் கதவு வெளியே தாழிட்டிருந்தது. உள்ளே தண்ணீர்.

தாழில் கை வைத்தாள்.

"வந்துட்டியா?" தொண்டை கட்டிய குரல். "விடிஞ்சதுலேருந்து கத்துறேன். தண்ணிச் சத்தத்துல கேக்கலையா? தொறம்மா."

"நீங்களா?"

"வேற யாரு?"

கீழே ஹாரன். "ஏய், என்ன பண்ற? வா, நேரமாகுது." அதே குரல், தொண்டை கட்டாமல்.

தாழ் சில்லென்றிருந்தது. திறக்க வேண்டும் என்று தோன்றியது. விரல்கள் அசையவில்லை.

படிகளில் காலடி. நெருங்கியது. அவன் பின்னால் வந்து நின்றான்.

"யார்கிட்ட பேசிட்டிருக்க?"

உள்ளே பேச்சு நின்றது. பிறகு கதவை இரண்டு கைகளாலும் அறையும் சத்தம். அவன் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவள் கையைத் தாழிலிருந்து மெல்ல எடுத்தான். சாவியை வாங்கினான். வீட்டைப் பூட்டினான்.

கீழே வந்து அந்த அம்மாவிடம் நீட்டினான். "வீடு காலிம்மா. உள்ள யாருமில்ல."

லாரியில் அவளைத் தன்னருகே உட்கார வைத்தான். வண்டி நகர்ந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

குளியலறை வென்டிலேட்டரின் இடுக்கு வழியாக ஒரு கை, முழங்கைவரை, வெளியே வந்திருந்தது. சோப்பு நுரையோடு. அசைந்துகொண்டே இருந்தது.

அவளும் கையை உயர்த்தினாள். ஊருக்குப் போகிறவர்களைப் போல, டாட்டா காட்டினாள்.