வாசனை போன தரை

மத்தியானம் இரண்டு மணி வாக்கில் பெயிண்ட் வாசனை நின்றுவிட்டது. குறையவில்லை, சுத்தமாக நின்றுவிட்டது. பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள் மூக்கைப் பாத்திரத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பால் வாசனையும் வரவில்லை.

கூடத்துத் தரைக்குக் காலையில் சாம்பல் நிறம் அடித்து முடித்த பெயிண்டர், கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னார். "ஜன்னல் எல்லாம் திறந்தே இருக்கட்டும்மா. மூணு நாளைக்குக் குழந்தைய இந்தப் பக்கமே விடாதீங்க." அவர் தெருமுனை தாண்டுவதற்குள் கணவன் ஜன்னல்களைச் சாத்தி இடுக்கில் டேப் ஒட்டிவிட்டான். ஈரத்தில் தூசி படிந்தால் பளபளப்பு போய்விடுமாம். அவன் பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்றே கால். அவளையும் குழந்தையையும் பின்கட்டு அறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

குழந்தைக்கு எட்டு மாதம். தவழ ஆரம்பித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் வீட்டை மூலைமுடுக்கு விடாமல் அளந்துவிட்டான். இறக்கிவிட்டால் நேரே கூடத்துக்குத்தான் போவான் என்று காலையிலிருந்து தோளிலேயே சுமந்து, அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

நடையில் கிடந்த காலி டப்பாவை எடுத்துத் திருப்பினாள். வழிந்து காய்ந்த பெயிண்டுக்கு நடுவே பொடி எழுத்துகள். இதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். மூடிய இடத்தில் தலைச்சுற்றலும் மனக்குழப்பமும் வரும். வாசனை தெரியாவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டதாக நினைக்கக் கூடாது. மறுபடி படிக்கப் போனபோது எழுத்துகள் எறும்பு போல ஊர்ந்தன. அவளுக்குப் பயம் வந்தது. போனை எடுத்தாள்.

"வாசனையே வரலைங்க. ஒரு மாதிரி பயமா இருக்கு."

"வாசனை போச்சுன்னா காஞ்சிடுச்சுன்னு அர்த்தம். மீட்டிங்ல இருக்கேன், வெச்சிடு."

வைத்தாள். அப்போதுதான் கேட்டது, ஈரத் துணியைத் தரையில் தட்டுவது போல ஒரு சத்தம். சற்று நின்றது. பிறகு இன்னொன்று. குழந்தையை அணைத்துக்கொண்டு நடையின் கோடிவரை போய் எட்டிப் பார்த்தாள்.

தரை காயவில்லை. சாம்பல் ஈரத்தில் தடங்கள். சின்னச் சின்ன உள்ளங்கைகள், அவற்றின் பின்னால் முட்டி இழுபட்ட கோடுகள். அவள் காலடியில் தொடங்கி, கூடத்தைக் கடந்து, வாசல் ஜன்னல் பக்கம் திரும்பி மறைந்தன.

திரும்பி வந்த தடம் இல்லை.

தோளைத் தடவிப் பார்த்தாள். கனம் இருந்தது. சூடு இருந்தது. கழுத்தில் மூச்சு படுவதுகூடத் தெரிந்தது. அவன் இங்கே இருக்கிறான். அப்படியானால் அங்கே யார்?

திருப்பத்துக்கு அப்பாலிருந்து ஓர் இருமல்.

சின்ன இருமல்.

ஓடினாள். பின்கதவு. வெயில். முதுகுக்குப் பின்னால் கதவு படாரென்று சாத்திப் பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே.

வெளிக்காற்று பட்டதும் புடவையிலிருந்து பெயிண்ட் நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த அடுத்த வீட்டு அக்கா திரும்பினாள்.

"என்னம்மா, ஏன் இப்படி ஓடி வர்றே?"

"உள்ள என்னவோ இருக்குக்கா. தவழ்ந்து போகுது. நான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்."

அக்கா அவள் தோளைப் பார்த்தாள். கையிலிருந்த துணியைக் கொடியில் போட மறந்து பார்த்தாள்.

"பிள்ளை எங்கம்மா?"

தோளில் இருந்ததை இறக்கினாள். சுருட்டிய போர்வை. அவள் வியர்வையில் நனைந்து, அவள் சூட்டிலேயே சூடாகி இருந்தது.

வீட்டைச் சுற்றி வாசலுக்கு ஓடினாள். கால் இடறியது. எழுந்தாள். தரையோடு தொடங்கும் பெரிய ஜன்னல். நான்கு பக்கமும் டேப். கண்ணாடியின் அடியில் சாம்பல் பூசிய சின்னக் கை ஒன்று தட்டிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் இன்னொரு முறை தட்டியது.

பிறகு தட்டவில்லை. விரல்கள் விரிந்தபடி கண்ணாடியோடு ஒட்டி, மெல்லக் கீழே இறங்கின.