நான்காவது எலுமிச்சம்பழம்

சாலாக் செலாத்தானில் இருக்கும் திருச்செல்வத்தின் பட்டறைக்குள் நிரஞ்சனி காரை ஓட்டி வந்தபோது வானம் கறுத்துக் கிடந்தது. சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு அவன் எழுந்து வந்தான். காரில் விழும் கீறல், நசுங்கல், தேய்ந்த சக்கர ரிம், இவைதான் அவன் பிழைப்பு. எஞ்சின் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான்.

“மறுபடியுமா அக்கா? பார்க்கிங் போடறப்ப கொஞ்சம் தள்ளிப் போடக்கூடாதா?”

“நான் எங்கயும் உரசல தம்பி. மகன் சஞ்சீவும் உரசல.”

அவள் முகத்தைப் பார்த்ததும் கேலியை விட்டுவிட்டான். வலது பின்சக்கரத்தின் அருகே குந்தினான். ரோட்டோரக் கல்லில் உரசினால் இடப்பக்கம்தான் அடிபடும். இது வலப்பக்கம்.

முதல் தடவை கீறல் ரிம்மோடு நின்றது. தேய்த்துப் பெயின்ட் அடித்துக் கொடுத்தான். அடுத்த தடவை மட்கார்டில் ஏறியிருந்தது. இப்போது பின்கதவைத் தாண்டி, டிரைவர் கதவின் கைப்பிடிவரை வந்திருந்தது.

ஐந்து கோடுகள். பக்கத்தில் பக்கத்தில்.

“இன்னிக்கே சரி பண்ணிடு தம்பி. இதுலதான் அவன் கிள்ளானுக்கு வேலைக்குப் போறான். சொன்னா சிரிக்கிறான். எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான்பா.” அவள் வாய்விட்டே அழுதாள்.

திருச்செல்வம் சக்கரத்தைக் கழற்றினான். தின்னர் நெடி அடிக்கும் பட்டறையில், அப்போதுதான் நறுக்கியதுபோல் எலுமிச்சை வாசம் எழுந்தது. மட்கார்டின் உள் இடுக்கில் கையை விட்டான். குளிர்ச்சியாக ஏதோ தட்டுப்பட்டது.

எலுமிச்சம்பழம்.

ஒரு சுருக்கம் இல்லை. மேலே வைத்த குங்குமம்கூட ஈரமாக இருந்தது.

“அக்கா, காருக்குப் பூசை எப்ப போட்டீங்க?”

“தைப்பூசத்துக்கு முன்னால.”

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது.

அவள் நடந்ததைச் சொன்னாள். பழைய காரை வாங்கி, அவளும் மகனும் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் பூசை போட்டார்கள். நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்து, நேராக முன்னால் போகச் சொன்னார் பூசாரி. மூன்று நசுங்கின. வலது பின்சக்கரத்துக்கு வைத்த நான்காவது எங்கே உருண்டதோ, காணவில்லை. குறை வைக்கக்கூடாதே என்று நிரஞ்சனி இன்னொரு பழத்தை அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்து, மகனைப் பின்னால் எடுக்கச் சொல்லி நசுக்கினாள். பெரிய கெட்டிக்காரி என்று தன்னையே மெச்சிக்கொண்டாள், பாவம்.

திருச்செல்வத்தின் குரல் தணிந்தது. “கழிச்சுவிட்ட திருஷ்டிய, பின்னால வந்து திரும்ப ஏத்திக்கிட்டீங்க அக்கா.”

சக்கரத்தை மாட்டினான். பழத்தை அதன் முன்னால் வைத்தான். நிரஞ்சனி பல்லைக் கடித்துக்கொண்டு காரை முன்னால் நகர்த்தினாள். எலும்பை மெல்வதுபோல் மளுக்கென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தாள். தரையில் சாறும் கொட்டையும் சிதறிக் கிடந்தன. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சாயங்காலம்வரை அவன் தேய்த்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்தான். கதவில் முகம் பார்க்கலாம்போல் இருந்தது. ராத்திரி வேலைக்குக் காரை எடுக்க சஞ்சீவ் வந்ததும் நேராக முன்வாசல் வழியாகப் போகச் சொல்லவேண்டும் என்று நினைத்தபடி, அவள் முகம் கழுவப் பின்பக்கம் போனாள்.

அந்த நேரம் பார்த்து சஞ்சீவ் வந்து காரில் ஏற, ஒரு லோரி முன்வாசலை அடைத்து நின்றது. அதை நகர்த்தச் சொல்லத் திருச்செல்வம் வெளியே போனான்.

டீ… டீ… டீ…

கார் பின்னால் வரும்போது எழுப்பும் சத்தம்.

முகத்தில் நுரையோடு ஓடி வந்தாள். “நிறுத்துடா! சஞ்சீவ், நிறுத்து!”

பின்சக்கரம் அந்தச் சாற்றின்மேல் ஏறி, பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டிருந்தது. சஞ்சீவ் கண்ணாடியை இறக்கிச் சிரித்தான். “லேட் ஆயிடுச்சும்மா, போயிட்டு வரேன். காரு புதுசு மாதிரி இருக்கு லா.”

கதவில் ஒரு கீறல் இல்லை.

அவன் கழுத்தில் இருந்தது. ஐந்து கோடுகள். என்னவோ அரிப்பதுபோல் அதைச் சொறிந்துகொண்டே காரைத் திருப்பினான்.

தெருமுனைவரை ஓடினாள். கார் கண்ணுக்கு மறைந்துவிட்டது. திரும்பத் திரும்பப் போன் போட்டாள். நெடுநேரம் கழித்து அழைப்பு எடுக்கப்பட்டது. பின்னால் நெடுஞ்சாலையின் இரைச்சல். லோரிகள் ஓயாமல் ஹாரன் அடித்தன.

“சஞ்சீவ்? பேசுடா கண்ணு!”

அவன் குரலுக்குப் பதில், கார் பின்னால் போகும் அந்தச் சத்தம்தான் கேட்டது.

டீ… டீ… டீ…