ஐந்து விரல்களில் ஒரு திருடன்

திரை இன்னும் திறக்கவில்லை. அதற்குள் யசோதினி கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"ஸுலைஹா, திரை பெரிய்ய சிவப்பு! ஓரமெல்லாம் தங்கக் கலர் குஞ்சம். மேலே மரத்துல ஒரு பால்கனி. அங்கயும் ஆளுங்க நிறைஞ்சு போய் இருக்காங்க!"

"பழைய மரத்து வாசம் வருது," என்றாள் ஸுலைஹா. மூக்கை இன்னொரு முறை உறிஞ்சினாள். "யாரோ கச்சான் கடலை தின்னுறாங்க."

ஸுலைஹாவுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. இருவருக்கும் கட்டுகஸ்தோட்டையில் அடுத்தடுத்த வீடு. நாடகத்துக்கு வா என்று யசோதினி கூப்பிட்டபோது, "நான் வந்து என்னத்தப் பாக்க?" என்றுதான் ஸுலைஹா கேட்டாள்.

"நான் பாத்துப் பாத்துச் சொல்றேன். ஒண்ணு விடாமச் சொல்றேன்!" என்று யசோதினி வாக்குக் கொடுத்திருந்தாள்.

கண்டி வாவிக்கு மேலே, மேட்டில் இருந்தது அந்த மண்டபம். வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. 'மணி நின்ற வீடு' என்ற மர்ம நாடகம் அங்கே சனிக்கிழமை தோறும் நடக்கும். அவர்களைக் கூட்டி வந்திருந்த யசோதினியின் சித்தி துஷ்யந்தி சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அது தொடங்கிவிட்டது. நடிகர்கள் மாறினார்கள். நாடகம் மட்டும் நிற்கவேயில்லை.

விளக்குகள் அணைந்தன. இடி இடித்தது. திரை விலகியது.

மேடையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களா. வெளியே மழை. பாலம் உடைந்துவிட்டதால் யாரும் வெளியே போக முடியாது. அந்த நேரம் பார்த்து, பங்களாத் துரையின் வைர மோதிரம் காணாமல் போய்விட்டது!

"டாக்டர் அலுமாரியத் திறக்குறாரு," என்று யசோதினி கிசுகிசுத்தாள். "சமையல்காரர் திருட்டு முழி முழிக்கிறாரு. ஐயோ, பாட்டு டீச்சர் எதையோ கைப்பைக்குள்ள போடுறாங்க!"

முன்வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். யசோதினி குரலைக் குறைத்தாள். ஆனால் மேடையில் ஒரு கை ஜன்னல் வழியாக நுழைந்தபோது அவளால் முடியவில்லை.

"கை! கை! ஒரு கை வருது!"

"பிள்ளையள், கொஞ்சம் சத்தம் போடாம இருங்கோ," என்றார் முன்வரிசைக்காரர். "எங்களுக்கு ஒண்டும் கேக்கேல்லை."

யசோதினிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் சொன்னதும் நியாயம்தான். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

மேடையில் இப்போது யாரும் பேசவில்லை. சமையல்காரர் சோபாவுக்கு அடியில் புகுந்தார். தலை உள்ளே போனது, வயிறு போகவில்லை. மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. ஸுலைஹா மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

இடைவேளை வந்தது. சித்தி ஆளுக்கொரு பொரித்த பற்றிஸ் வாங்கி வந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் போய்ப் பாருங்க," என்றாள் ஸுலைஹா. "நான் வெளிய மர வாங்குல குந்திக்கிட்டு ஈக்குறேன்."

"கடைசி வரிசைக்குப் போவமா?" என்று கேட்ட சித்தி, திரும்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். ஒரு கதிரைகூடக் காலியில்லை.

"நீ வரலன்னா நானும் வரல," என்றாள் யசோதினி.

"மடச்சி! திருடன் யாருன்டு பாக்க வேணாமா? எனக்கே தெரிஞ்சுக்க ஆசையா ஈக்கு." ஸுலைஹா பற்றிஸைக் கடித்துக்கொண்டே விரல் விட்டு எண்ணினாள். "துரை, டாக்டர், சமையல்காரர், பாட்டு டீச்சர், இன்ஸ்பெக்டர். அஞ்சு பேர்ல ஒராள்."

யசோதினி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று துள்ளிக் குதித்தாள்.

"ஸுலைஹா! கையக் குடு!"

"பற்றிஸ் எண்ணெய் ஈக்கு."

"பரவாயில்ல, குடு! பெருவிரல் துரை. ஆட்காட்டி விரல் டாக்டர். நடுவிரல் சமையல்காரர். மோதிர விரல் டீச்சர். சுண்டு விரல் இன்ஸ்பெக்டர். யாரு வந்தாலும் அந்த விரலோட நுனிய அமுக்குவேன். வெளிய போனா அடிய அமுக்குவேன். எதையாவது ஒளிச்சா, விரலச் சுரண்டுவேன்!"

"சிரிப்பு வந்தா?"

"உள்ளங்கையில கிச்சுகிச்சு மூட்டுவேன்."

ஸுலைஹா அப்போதே சிரித்துவிட்டாள். இருவரும் தேநீர் வரிசைக்குப் பக்கத்தில் நின்று பழகினார்கள். முதலில் யசோதினி டாக்டரையும் டீச்சரையும் மாற்றி அமுக்கினாள். மணி அடிப்பதற்குள் தவறில்லாமல் வந்துவிட்டது.

இரண்டாம் பாதியில் யசோதினி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் விரல்கள்தான் பேசின. டாக்டர் உள்ளே வந்தார். டீச்சர் வெளியே போனாள். துரை எதையோ ஒளித்தார். சமையல்காரர் மறுபடி சோபாவுக்கு அடியில் மாட்டிக்கொண்டபோது, ஸுலைஹாவும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள்.

அப்புறம் டமார் என்று ஓர் இடி. மேடை கும்மிருட்டாகிவிட்டது!

யாரோ அலறினார்கள். தடதடவென்று ஓடினார்கள். ஏதோ உடைந்தது. யசோதினிக்கு ஒன்றுமே தெரியவில்லை. எந்த விரலை அமுக்குவது?

அப்போது அவளுடைய விரலை ஸுலைஹா அமுக்கினாள். நுனியில். நன்றாக, அழுத்தி.

எந்த விரல் என்று நான் சொல்லப்போவதில்லை. விரலைச் சொன்னால் திருடனையே சொன்னதாகிவிடுமே!

விளக்கு எரிந்தது. இன்ஸ்பெக்டர் விசாரித்தார், யோசித்தார், மீசையைத் தடவினார். கடைசியில் திருடனைக் காட்டினார். அதே ஆள்!

"ஸுலைஹா!" என்று கத்தியேவிட்டாள் யசோதினி. நல்லவேளை, மண்டபம் முழுவதும் அப்போது கத்திக்கொண்டிருந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் துரையாக நடித்தவர் முன்னால் வந்தார். "இனி நீங்களும் எங்க கூட்டாளிங்க. திருடன் யாருன்னு வெளிய யாருக்கும் சொல்லிராதீங்க!" என்று கும்பிட்டார்.

முன்வரிசைக்காரர் திரும்பினார். "பிள்ளையள், பிறகு ஒரு சத்தமும் இல்லையே. போயிட்டியள் எண்டு நினைச்சன்."

"இவ இருட்டுலயே திருடனக் கண்டுபிடிச்சிட்டா, அங்கிள்!" என்றாள் யசோதினி.

"அப்பிடியே? நான் இந்த நாடகத்துக்கு இண்டைக்கு மூண்டாந்தரம். முதல் தரம் எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை. எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்?"

"எல்லாரும் கத்திக்கொண்டு ஓடினாங்க. ஒராள் மட்டும் பூனை மாதிரி நடந்துச்சு," என்றாள் ஸுலைஹா. "அந்த ஆளுக்கு மூச்சு விடக்கொள்ள மூக்குல சின்னதா விசில் வரும். இருட்டுல அந்த விசில் அலுமாரிப் பக்கம் போச்சு."

"விசிலோ?" அவர் பக்கத்தில் இருந்த மனைவியிடம் திரும்பிச் சொன்னார்: "அடுத்த சனிக்கிழமையும் வருவம். அந்த விசிலைக் கேக்க வேணும்."

வாசலில் மாலைக் காட்சிக்கு நீண்ட வரிசை நின்றது. அதில் நின்ற ஒரு பையன் எட்டி யசோதினியின் கையைப் பிடித்தான்.

"அக்கா, திருடன் யாரு? எனக்கு மட்டும் சொல்லுங்க!"

யசோதினி தலையை ஆட்டினாள். அவன் ஸுலைஹாவின் பக்கம் திரும்பினான். "நீங்களாச்சும் சொல்லுங்க. பாத்தீங்கதானே?"

சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஸுலைஹா அவன் பக்கம் குனிந்தாள். குரலைத் தாழ்த்தி, பெரிய ரகசியம் சொல்வது போலச் சொன்னாள்:

"விளக்கு அணைஞ்ச உடனே கண்ண இறுக்கி மூடிக்கோ. எல்லாம் தெரியும்!"